சாய்த்துப் பிடித்தால்

அலென்டேஜுவில் ஜூன் மாதம்.
தக்கை மரங்களின் பட்டை இளகிக்
கோடரிக்கு வழிவிடும் சில வாரங்கள்.
நாட்காட்டிக்குப் பன்னிரண்டு படம்,
உழைப்பு தெரிய வேண்டும், களைப்பு தெரியக் கூடாது
என்று லிஸ்பனில் ஒருவர்
முன்பணம் எண்ணிக் கொடுத்திருந்தார்.

கொண்டுபோனது நான்கு பென்சில், ஒரு பேனாக்கத்தி,
முரட்டுத் தாள், அரை ரொட்டி.
ரொட்டி, அழிப்பதற்கு.
ரப்பர் தாளின் தோலை உரித்துவிடும்.
ரொட்டியின் உள்சதையை உருட்டி ஒற்றினால்
கரி மட்டும் ஒட்டிக்கொண்டு வரும்.

பெல்மிரு கிளைக்கவட்டில் நின்றான்,
அர்மிந்து அடிமரத்தில்.
பட்டை விட்டுக்கொடுக்காதபோது கோடரிக்கு ஒரு குரல்,
விட்டுக்கொடுத்ததும் வேறு குரல்,
காலிப் பெட்டியைத் தட்டியது போல.
பிறகு காம்பை உள்ளே நுழைத்து நெம்புவார்கள்,
ஆள் உயரத்துக்குக் கதவு கழன்று வரும்.
உரித்த இடம் சிவக்கச் சிவக்க
நான் பென்சில்களைப் பார்த்தேன்.
நான்கும் சாம்பல்.

ஒரு பையன் வெள்ளை மையில்
மரத்துக்கு மரம் 7 என்று எழுதிப் போனான்,
ஐம்பத்தேழின் ஏழு.
இனி ஒன்பது வருஷம்
இதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது.

அப்படி ஓர் எண்
தெயோலிந்தாவின் முதுகில் இல்லை.
பட்டைகளைத் தலையில் சுமந்து வந்தாள்,
அடுக்கினாள், முழங்காலால் அழுத்திக்
கட்டினாள். கட்டுக்கு இவ்வளவு என்று கூலி.
அவள் முழங்கை எனக்கு மூன்று முறை தப்பியது.
மூன்று முறையும் ரொட்டியைக் கிள்ளினேன்.
நின்று பார்த்தாள்:
"முழங்கைக்கே இத்தனை வாய் செலவென்றால்
முகத்துக்கு வரும்போது
நீ பட்டினிதான்."

சாயங்காலம் கங்காணி வால்தெமார்
நோட்டைத் திறந்து, "ஐந்து" என்றான்.
"ஏழு" என்றாள்.
கட்டுகளைக் கோவேறு கழுதைகள்
எப்போதோ கொண்டுபோயிருந்தன.
தரையில் மிச்சம் கொஞ்சம் தூள்.
"காலையிலிருந்து ஒருத்தர்
பார்க்கிறதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை,
அவர் தாளைக் கேள்."

தாளில் ஐந்து.

ஏழுதான் வரைந்தேன்.
வலப்பக்கம் கனத்துவிட்டது.
படம் ஒருபுறம் சாய்கிறது என்று
இரண்டை எடுத்தேன், மத்தியானம்,
ரொட்டியால், நிதானமாக,
நல்ல வேலை செய்த திருப்தியோடு.

"ஓவியமும் கணக்கும்
எவ்வளவு ஒற்றுமை பார்" என்று கங்காணி சிரித்தான்.
அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம்.
முன்பணம் சட்டைப்பையில் இருந்தது.
எவ்வளவு நேரம் பேசாமல் நின்றேன்
என்று இப்போது சொன்னால்
அதுவும் ஒரு கணக்காகத்தான் இருக்கும்.

அவள் தாளைப் பிடுங்கினாள்.
இறங்குகிற வெயிலுக்கு எதிரே
அரிசியில் கல் பார்க்கிறவள் போலச் சாய்த்துப் பிடித்தாள்.
நான் அழுத்தி வரைகிறவன்.
கரி போயிருந்தது, பள்ளம் போகவில்லை.
கோடு கோடாக நிழல் வந்து நிரம்பியது.
நகத்தால் தொட்டாள். "ஆறு."
நகத்தால் தொட்டாள். "ஏழு."

"பள்ளமெல்லாம் கட்டாகுமா?" என்றான் வால்தெமார்.
பெல்மிரு மரத்திலிருந்து இறங்கி வந்தான்.
கோடரியை ஓங்கவில்லை,
ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் நின்று
முனையில் ஒட்டியிருந்த பிசிறைக்
கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

கங்காணி தன் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான்,
ஐந்தை ஆறாக்கினான்.
அவனிடம் ரொட்டி இல்லை,
ஐந்தின் மேலேயே எழுதினான்.
ஏழாவது கட்டு
எந்தத் தாளிலும் ஏறவில்லை.

லிஸ்பனில் அந்தப் படம் தேறவில்லை,
ஓரத்தில் விரல் அழுக்காம்.
ஜூலைக்கு ஒரு குதிரையைப் போட்டார்கள்.

அன்று தாளைத் திருப்பித் தந்தவள்
மீதி ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.
கேட்கவில்லை.
என் காலடியில் கிடந்த
கறுத்த உருண்டைகளை மட்டும்
ஒவ்வொன்றாகப் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்தாள்.